விரல் பட்ட இடம்

மாரண்டஹள்ளி பக்கம்
20-1-1986

அன்புள்ள தம்பி மாதையனுக்கு,

அக்கா தீர்த்தம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் மாடு கன்றுகளும் சுகம். அந்த அஸ்ஸாம் குளிரில் உன் மூக்கு இன்னும் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று எழுது.

பொங்கலுக்கு வருவாய் என்று மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்காமல் உன் மாமா மாலை வரை காத்திருந்தார். பட்டாளத்தில் லீவு கொடுக்காவிட்டால் நாங்கள் என்ன செய்ய முடியும்? அடுத்த வருஷமாவது வா. பெண் பார்த்து வைத்திருக்கிறேன். உன்னைவிடக் கொஞ்சம் உயரம், பரவாயில்லை.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்குவதில்லை. மணிக்கட்டும் கால் முட்டியும் வீங்கிப் போகின்றன. வெயில் ஏறிய பிறகுதான் இளகும். அதனால்தான் மத்தியானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தர்மபுரி டாக்டர் மூட்டுவாதம் என்றார். "கிழவிங்களுக்கு வர்றது முப்பது வயசுல உனக்கெதுக்கு வந்துச்சு?" என்று பக்கத்து வீட்டு முனியம்மாள் கேட்டாள். எனக்குத் தெரிந்தால் நானே வந்த வழியில் திருப்பி அனுப்பியிருப்பேனே. மாத்திரை சாப்பிடுகிறேன். சூடாக எண்ணெய் தேய்த்து நீவினால் இளகுகிறது. அதற்கு மேல் எழுதக் கூடாதென்று உத்தரவு.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
தீர்த்தம்மாள்


99 ஏ.பி.ஓ.
16-2-1986

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மாதையன் வணக்கம். நான் நலம். மூக்கும் நலம். மாமாவையும் உன்னையும் ஆண்டவன் நன்றாக வைத்திருக்கட்டும்.

விரல் மடங்கவில்லை என்று படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய டாக்டராகப் பார். யார் உத்தரவு, எதை எழுதக் கூடாது? உனக்கு யார் உத்தரவு போடுவது? விளையாட்டாக எழுதினாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் மனசில் ஒட்டிக்கொண்டு போகவில்லை.

என்னோடு இருக்கும் சவுரியப்பனுக்கு ஊர் பாலக்கோடு. அடுத்த மாதம் லீவில் வருகிறான். அவனிடம் கம்பளிச் சால்வை கொடுத்தனுப்புகிறேன். அவன் கண்ணால் உன்னைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் எனக்கு நிம்மதி.

அன்புத் தம்பி,
மாதையன்


99 ஏ.பி.ஓ.
29-4-1986

அக்கா,

நலமா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் கேட்கவில்லை.

சவுரியப்பன் திரும்பி வந்துவிட்டான். இரண்டு நாள் என் கண்ணில் படாமல் சுற்றினான். பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். சால்வை வாங்க நீ கை நீட்டியபோது முந்தானை விலகியதாம். மணிக்கட்டுக்கு மேலே விரல் விரலாக நீலம். மனிதக் கை பிடித்து அழுத்திய தடம் போல் இருந்தது என்கிறான். அவன் பார்த்ததை நீ பார்த்ததும் இழுத்துப் போர்த்திக்கொண்டாயாம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது முனியம்மாளைக் கேட்டிருக்கிறான். அவள் சொன்னது இது: "சாயந்திரமானா கதவைச் சாத்திக்குவாருங்க. 'அய்யோ, போதும் வுடுங்க'ன்னு அவ கத்தறது எங்க வூடு வரைக்கும் கேக்கும். எட்டு வருசமா புள்ள இல்லீன்னா எந்த ஆம்பளைக்குத்தான் கோவம் வராது?"

நம் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி என்று நம்பித்தான் உன்னை அவருக்குக் கொடுத்தோம். மாமா உன்னை அடிக்கிறாரா? ஆமாம் அல்லது இல்லை. வேறொன்றும் எழுதாதே.

மாதையன்


மாரண்டஹள்ளி பக்கம்
14-6-1986

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீ கேட்காவிட்டாலும் நான் எழுதுவேன், எழுதிப் பழகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே, விரல் சரியில்லை.

மாடு முட்டியதைப் பார்த்துவிட்டு உன் சிநேகிதர் கதை கட்டியிருக்கிறார். சிவப்பு மாடு உனக்குத் தெரியுமே, தீவனத்தைக் கண்டால் ஆளைப் பார்க்காது. முனியம்மாளுக்கு அடுத்த வீட்டுச் செய்தி இல்லாமல் சோறு செரிக்காது. அவள் பேச்சை வைத்து என்னை விசாரிக்கிறாயா? நான் என்ன உன் பட்டாளத்துக் கைதியா?

கதவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அது எங்கள் வீட்டுக் கதவு. அதைப் பற்றி நான் எழுதக் கூடாது.

தர்மபுரிக்குப் போனேன். முட்டியைக் காட்டினேன். வேறு மாத்திரை கொடுத்தார்கள். நர்சு ஒருத்தி ரவிக்கைக் கையை ஏற்றச் சொல்லி, நாலு பேர் காதில் விழ, "வூட்டுக்காரன் அடிச்சானா?" என்றாள். வெளியே பெஞ்சில் உன் மாமா உட்கார்ந்திருந்தார். நான் கையை ஏற்றவில்லை. ஊரில் பேசுவது போதாதா? இப்போது முழுக்கை ரவிக்கை இரண்டு தைத்துக்கொண்டேன். குளிருக்கு நல்லது.

கிணற்றுக் கயிறு சுற்றிக்கொண்டால் யாருக்கும்தான் கை கன்றிப்போகும். இதற்கெல்லாம் கடிதமா? தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. நீ இருந்தால் பச்சையாகவே தின்று தீர்த்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தீர்த்தம்மாள்


99 ஏ.பி.ஓ.
2-7-1986

திரு. நஞ்சப்பன் அவர்களுக்கு,

மாமா என்று எழுதக் கை வரவில்லை.

அக்காவின் கடிதம் வந்தது. முதலில் மாடு முட்டியது என்கிறாள். கீழே வந்தால் கிணற்றுக் கயிறு. ஆனி மாதத்தில் குளிருக்கு முழுக்கை ரவிக்கை. கேட்டதற்கு ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தது?

ஒகேனக்கல் ஆடிப்பெருக்குக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன கை உங்களுடையது. அந்தக் கையா இது? பிள்ளை இல்லை என்று வேறு பெண் கட்டும் எண்ணமிருந்தால் நேராகச் சொல்லுங்கள். என் அக்காவுக்குச் சோறு போட எனக்குத் தெம்பிருக்கிறது.

மொரப்பூர்ப் பெரியப்பா பச்சியப்பனுக்கு எழுதிவிட்டேன். அவர் ஆட்களோடு வந்து அக்காவைக் கூட்டிப் போவார். நான் நேரில் வரும்வரை, அல்லது என் எழுத்து வரும்வரை, நீங்கள் பெரியப்பா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் போலீசில் எழுதிக் கொடுக்கவும் சொல்லியிருக்கிறேன்.

மா. மாதையன், நாயக்


மாரண்டஹள்ளி பக்கம்
8-8-1986

மாதையனுக்கு நஞ்சப்பன் எழுதிக்கொண்டது.

நீ சுகமாக இருக்க வேண்டும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பெரியப்பா வந்தார். வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து எல்லாரும் கேட்டார்கள். அடிச்சியா என்றார்கள். இல்லை என்றேன். அப்புறம் அந்தத் தடம் ஏது என்றார்கள். தெரியவில்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தாய் என்றார்கள். அதற்கு நான் வாய் திறக்கவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவளுக்குக் காலும் கையும் நீவி விட்டேன். எண்ணெய் காய்ச்சி தினமும் நீவி விட்டேன். வலியில் கத்துவாள், கத்தினாலும் பிறகு இளகிவிடும். பெண்டாட்டி காலைப் பிடிக்கிறான் என்று ஊரில் சிரிப்பார்கள் என்று கதவைச் சாத்தினேன். இதை யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அத்தனை பேர் முன்னால் அவள் சொல்ல வந்தாள். நான்தான் கையமர்த்திவிட்டேன். என் புத்தி அப்படிப் போய்விட்டது.

ஆனால் மாதையா, ஒன்று எனக்குப் புரியவில்லை. நான் மெதுவாகத்தான் நீவினேன். மறுநாள் பார்த்தால் என் விரல் பட்ட இடம் நீலமாக இருக்கும். படாத இடத்திலும் இருக்கும். தூக்கத்தில் நான் ஏதாவது செய்கிறேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது. அவளும் என் கையையே பார்ப்பாள். அவள் பார்ப்பது எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து நான் அவளைத் தொடவில்லை. வண்டியில் ஏற்றும்போதும் தொடவில்லை. பெரியம்மாதான் தூக்கி விட்டார்கள்.

நஞ்சப்பன்


மொரப்பூர் பக்கம்
3-9-1986

அன்புள்ள தம்பி மாதையனுக்கு,

அக்கா சொல்ல, பெரியப்பாவின் மருமகள் சின்னம்மாள் எழுதுவது. நீ சுகமா? இங்கே பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள் சுகம். நான் சுகமில்லை.

இந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என்னை யாரும் அடிக்கவில்லை. யாரும் நீவவும் இல்லை. இருந்தும் முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று நீலம் வந்துகொண்டே இருக்கிறது. பல் விளக்கினால் ரத்தம் நிற்க வெகு நேரம் ஆகிறது. இதைப் பார்த்த பிறகாவது உன் மாமா மேல் தப்பில்லை என்று தெரிந்திருக்க வேண்டுமே. பெரியப்பா, "அவன் ஏதோ வெச்சு அனுப்பியிருக்கான்" என்று சொல்லி மந்திரிக்க ஆள் கூட்டி வந்தார். தாயத்துக் கட்டிய இடமும் கன்றிப்போயிற்று. அதுவும் மாமா வேலைதானாம்.

மூட்டு வலிக்கு ஒருவர் வந்து தொடையில் ஊசி போட்டார். அன்று சாயங்காலமே தொடை பூசணிக்காய் அளவு வீங்கிவிட்டது. கால் ஊன்ற முடியவில்லை. தலை சுற்றுகிறது. கண்ணாடியில் முகம் வெளுத்துத் தெரிகிறது.

மாமா பாலக்கோட்டில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இது அடி இல்லை, ரத்தத்தில் கோளாறாக இருக்கும், உடனே வேலூருக்குக் கொண்டு போ என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தாராம். அதை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். பெரியப்பா விடவில்லை. "மாதையன் எழுத்து வரட்டும், அப்புறம் பாக்கலாம். ஆஸ்பத்திரின்னு சொல்லி எங்கியாச்சும் கொண்டு போயிட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். மாமா மூன்று முறை வந்துவிட்டார். வேலூர்ப் பக்கம் போகும் ரயில் மொரப்பூரிலேயே நின்று போகிறது. ஏற்றி விட ஆளில்லை.

நீ ஒரு வரி எழுதினால் போதும். சீக்கிரம் எழுது.

தீர்த்தம்மாளுக்காக,
சின்னம்மாள்


99 ஏ.பி.ஓ.
17-9-1986

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாகவே தெரிய வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வந்தது உன் எழுத்தில்லை. சின்னம்மாள் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். சின்னம்மாள் எழுதி நான் பார்த்ததே இல்லை. மாமா மூன்று முறை வந்து நின்றார், ஊர் டாக்டர் சீட்டு கொடுத்தார், ரத்தத்தில் கோளாறு. ஒவ்வொன்றும் அவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. நீ ஏற்கனவே மாட்டையும் கயிற்றையும் சொன்னவள். எதை நம்புவது?

அவரும் எனக்கு எழுதியிருந்தார். கால் பிடித்து விட்டாராம், அதற்குக் கதவு சாத்தினாராம். தன் விரல் தடம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

நான் மேலதிகாரியிடம் லீவு கேட்டிருக்கிறேன். கார்த்திகைக்கு முன் கிடைக்காது என்கிறார்கள். அதுவரை பெரியப்பா வீட்டிலேயே இரு. நீ அவரோடு போக விரும்புவது நிஜமானால், உன் கையால், தனியாக உட்கார்ந்து, எழுது. பார்த்த உடனே தந்தி கொடுக்கிறேன்.

தம்பி,
மாதையன்


மொரப்பூர் பக்கம்
1-10-1986

தம்பி,

என் கையால் எழுதுகிறேன். அறையில் வேறு யாருமில்லை. ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று.

பேனா அழுத்திய இடத்தில் பெருவிரலும் பக்கத்து விரலும் நீலமாகிவிட்டன. எழுத எழுத, என் கண் முன்னாலேயே.

இதை அடித்தது யார், சொல்.

தீர்த்தம்மாள்


தந்தி
12-10-1986
பச்சியப்பன், மொரப்பூர்

மாமாவை உள்ளே விடவும். இன்றே வேலூர். மாதையன்


வேலூர்
2-11-1986

மாதையனுக்கு நஞ்சப்பன் எழுதிக்கொண்டது.

நீ சுகமாக இரு. அக்கா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடச் சொன்னாள்.

தந்தி வந்த அன்றே ரயில் ஏறினோம். பெரியப்பாவும் வந்தார். காட்பாடியில் இறங்கும்போது அவளுக்கு நினைவில்லை. இங்கே வந்ததும் டாக்டர் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "யார் அடிச்சது?" என்றார். யாரிடமும் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை. பிறகு ரத்தம் எடுத்தார்கள். எடுத்த இடத்தில் கசிவு நிற்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஏதேதோ சோதனை செய்தார்கள். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, "யாரும் அடிக்கலைங்க, அவங்க உடம்புதான் அடிக்குது" என்றார்.

எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் நோயை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் உண்டாம். அவளுக்கு அந்தக் காவல் தன் வீட்டு ஆளையே திருடன் என்று சந்தேகப்பட்டுவிட்டதாம். முதலில் மூட்டுகளை அடித்தது. அது மூட்டுவாதம். பிறகு ரத்தத்தை உறைய வைக்கும் சத்தையும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால் லேசாகத் தொட்டாலும் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளுமாம். மூட்டுவாதக்காரர்களில் வெகு சிலருக்குத்தான் இப்படி வருமாம். இன்னும் சில நாள் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். முன்னமே கையைக் காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். பெரியப்பாவும் நானும் ரத்தம் கொடுத்தோம். மாத்திரையும் கொடுக்கிறார்கள்.

"நான் நீவுனது தப்புங்களா?" என்று கேட்டேன். "தெரியாம செஞ்சது. இந்த வியாதிக்கு அழுத்தி நீவக் கூடாது" என்றார். ஆக நீ எழுதியதில் பாதி சரிதான் மாதையா. அந்தத் தடமெல்லாம் என் விரலுடையதுதான்.

நஞ்சப்பன்


வேலூர்
7-12-1986

அன்புள்ள தம்பி மாதையனுக்கு,

அக்கா எழுதுவது, என் கையால்தான். சந்தேகம் இருந்தால் சவுரியப்பனிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள். நீ சுகமா? நான் பிழைத்துவிட்டேன். மாத்திரையில் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. விரல்கள் காலையிலேயே மடங்குகின்றன. புது நீலம் வந்து பல நாளாகிறது. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் தேர் பார்ப்பது போல் என்னைப் பார்க்க வருகிறார்கள். உனக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண்ணைக்கூட இத்தனை பேர் பார்க்க வந்திருக்கமாட்டார்கள்.

நீ மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் வந்தது. நீ எழுதியிருந்ததையெல்லாம் படித்தார். "பையன் என்ன பண்ணுவான், தூரத்துல இருக்கான்" என்றார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். உன் மேல் அவருக்குக் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

என்னை இப்போது நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். "தாராளமா கையைப் பிடிச்சு நடத்துங்க, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் வார்டு ஆயாவைக் கூப்பிடப் போய்விட்டார். கஞ்சி கொண்டு வருகிறார், துணி துவைக்கிறார், மருந்து வாங்க ஓடுகிறார். தம்ளரைக் கூட என் கையில் கொடுப்பதில்லை. பெட்டி மேல் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார்.

நேற்று நடக்கும்போது கால் மடங்கிவிட்டது. அவர் ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தார். கை நீண்டது தம்பி, நான் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானேதான் நிமிர்ந்தேன். அவர் திரும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

என் ரத்தத்துக்கு மாத்திரை இருக்கிறது. அவர் கைக்கு இங்கே யாரிடமும் மருந்தில்லை. நானும் சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். "வேண்டாம் தீர்த்தா, உனக்கு ஏதாச்சும் ஆயிடும்" என்கிறார்.

லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். மொரப்பூரில் இறங்காதே, நேராகக் காட்பாடிக்கு டிக்கெட் எடு. வந்து மன்னிப்பெல்லாம் கேட்டுக்கொண்டிருக்காதே, அவருக்கு அது வேண்டியதில்லை. வந்ததும் என் வலது கையைப் பிடித்து எழுப்பு. இடது பக்கம் அவர் வந்து பிடிக்கும் வரை நான் ஓரடியும் எடுத்து வைக்கமாட்டேன்.

உன் அக்கா,
தீர்த்தம்மாள்